சுவரிலிருந்து வந்த அழைப்பு

இதில் நான் கண்ணால் கண்டவற்றையும், இருவரிடம் தனித்தனியே கேட்டு ஒத்துவந்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. கோவில்பட்டிக்குத் தெற்கே என் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போடும் ஒரு கணவனையும் மனைவியையும் பற்றிய செய்தி, இந்தப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் பல உருவம் எடுத்துவிட்டது. பேட்டரியே இல்லாமல் காட்டுவெளியில் பாடிய பெட்டி என்கிறார்கள் சிலர். அதைக் கேட்டு ஆடுகள் கண்ணீர் வடித்தன என்கிறார்கள் வேறு சிலர். அந்தப் பெட்டியை ஆறு ஆண்டுகள் என் சட்டைப் பையில் வைத்திருந்தவன் நான். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஓரளவு அறிவேன். ஆடுகள் அழுததை நான் பார்க்கவில்லை. பார்த்ததே எனக்குப் பெரிது. அதன்மேல் எதையும் ஏற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெட்டி என்றது ஒரு சிறிய பாட்டுப் பெட்டியை. உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம், முன்புறம் சல்லடைக் கண் வைத்த ஒலிபெருக்கி. நடக்கும்போது நாதசுரம் கேட்பதற்காக வாங்கினேன். பேச்சைப் பதிவு செய்ய ஒரு பொத்தானும் அதில் உண்டு. பேட்டரி உள்ளேயே பற்றவைக்கப்பட்டது. நாம் திறந்து மாற்றும் வகையன்று.

அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டு மந்தையை இரவு முழுவதும் அடைத்து வைப்பதைக் கிடை போடுதல் என்போம். புழுக்கையும் மூத்திரமும் அடுத்த விதைப்புக்கு உரமாகும். மாசியில் மக்காச்சோளத் தட்டை சாய்ந்தவுடன் இந்தக் குடும்பம் என் காட்டுக்கு வந்துவிடும். ஆடுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். எத்தனை என்று மேய்ப்பவரிடம் கேட்பது இங்கே வழக்கமில்லை, நானும் கேட்டதில்லை.

காட்டின் மேற்கு எல்லையில் நாற்கரச் சாலை போகிறது. கோடையில் எங்கும் கருகிக் கிடக்க, சாலையோர வடிகாலில் மட்டும் கொஞ்சம் பச்சை நிற்கும். ஆடுகள் மெல்ல மெல்ல அந்தப் பக்கமே நகரும். அப்போது அந்த அம்மாள் கிணற்றங்கரை மோட்டார் அறையின் முன் நின்று ஓர் அழைப்பு விடுப்பார். "ஓ...ய், தா தா தா" என்று அதை ஏறக்குறைய எழுதலாம், நடுவே நாவின் அடியில் புரளும் ஒலிக்கு எழுத்தில்லை. அழைப்பு முடியுமுன் மந்தை திரும்பிவிடும். அவர் கணவர் கம்பு வீசுவார், கல் எறிவார், சீழ்க்கை அடிப்பார். ஆடுகள் அவரைப் பொருட்படுத்தி நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாளின் தொண்டையில் கட்டி கண்டது. மதுரைக்குப் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் இருவரும் என்னைத் தேடி மோட்டார் அறைக்கு வந்தார்கள்.

"சார், நீங்க பாட்டுக் கேக்குத பொட்டியில ஆளு சத்தத்தையும் பிடிச்சு வைக்கலாம்னீங்களே, நெசந்தானா?" என்று கேட்டார் கணவர்.

"நெசந்தான் அண்ணாச்சி. யாரு சத்தத்த?"

"இவ சத்தத்தத்தான். கட்டிய எடுத்தா உசிருக்கு ஒண்ணுமில்ல, சத்தம் மட்டும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஆட்டக் கூப்பிடுத சத்தத்த மட்டும் பிடிச்சாப் போதும் சார். என்னய ஏசுத சத்தம் வேண்டாம். அது இருவது வருசமா காதுக்குள்ளயே கெடக்கு."

"ஏச்சத்தான் மொதல்ல பிடிக்கணும் சார்," என்றார் மனைவி. "அது இல்லன்னா நான் செத்துப் போயிட்டேன்னு இவிய நெனச்சுக்கிடுவாவ."

சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். அவர் கையை வாயருகே குவித்து அழைத்தார். தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் திரும்பின. நான் பதிவை நிறுத்துமுன் அவர் கணவரைப் பார்த்துச் சொன்னதும் சேர்ந்து பதிந்துவிட்டது: "பல்லக் காட்டிக்கிட்டு நிக்காதீங்க, அங்கன ரெண்டு ஆடு ரோட்டப் பாத்துப் போவுது!" எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

மந்தையை ஓர் உறவினரிடம் விட்டுப் போனவர்கள் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அம்மாளின் கழுத்தில் ஒரு தழும்பு. வாய் திறந்தால் காற்று மட்டுமே வந்தது. காதருகே குனிந்தால் அந்தக் காற்றில் சொற்கள் இருப்பது தெரியும். முதல் வாரத்திலேயே ஒரு தாயாடு சாலையில் அடிபட்டு இறந்தது. கணவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடியதையும், அம்மாள் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றதையும் நான் பார்த்தேன். அடுத்த கிடைக்கு முன் மந்தையை விற்றுவிடலாமா என்று கணவர் என்னிடம் கேட்டார்.

மறுநாள் மாலை பெட்டியை எடுத்துச் சென்றேன். ஆடுகள் வடிகாலை நோக்கி நகரத் தொடங்கியிருந்தன. ஒலியை முழுதாக வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அந்தச் சிறு சல்லடையிலிருந்து அழைப்பு புறப்பட்டது. தட்டைக்குள் கவிழ்ந்திருந்த தலைகள் எழுந்தன. ஒரு கணம் ஒன்றும் அசையவில்லை. பின்னர் முன்னே நின்ற கிழட்டு ஆடு நடந்தது, அதன் பின்னே நாலைந்து, அவற்றின் பின்னே காடே நகர்வதுபோல மந்தை முழுவதும் எங்களை நோக்கி வந்தது. புழுதியில் சூரியன் மறைந்தது. என் பக்கத்தில் வாய் மூடி நின்ற அம்மாளின் குரல் என் கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பெட்டியை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். இறுதியில் ஏச்சும் ஒலித்தது. கணவர் தம்மையறியாமல் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்பு தலையைச் சொறிந்துகொண்டார்.

அன்றே பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரே பெட்டியை நம்பியிருப்பது தவறென்று எனக்குத் தோன்றியது. பதிவை என் கைப்பேசிக்கு மாற்றி, அதே இடத்தில் அதே நேரத்தில் ஒலிக்கவிட்டேன். என் காதுக்கு இரண்டும் ஒன்றே. ஆடுகள் தலை நிமிர்ந்தன, காதுகளை அசைத்தன, மீண்டும் மேய்ந்தன. மூன்று நாள் முயன்றேன். மூன்று நாளும் அப்படியே. நான்காம் நாள் கணவர், "விடுங்க சார், அதுகளுக்குப் பொட்டிதான் இவ," என்று சொல்லி முடித்துவிட்டார். ஆக, அந்தப் பெட்டி இருக்கும்வரைதான் மந்தை என்றாகிவிட்டது.

பெட்டியோ பழையது. பேட்டரி முழுதாக நிறைந்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்காது. அழைப்பு ஒரு நிமிடந்தான்; காட்டில் நாளுக்கு நாலைந்து முறை போதும். வீட்டில்தான் செலவு மிகுதி. தாயாடுகள் மேயப் போகும்போது பால்குட்டிகள் வீட்டுக் கொட்டகையில் இருக்கும். காட்டிலிருந்து வந்ததும் அம்மாள் அவற்றுக்குத் திரும்பத் திரும்ப அழைப்பை ஒலித்துக் காட்டுவார். இரண்டாம் வாரத்தில் குட்டிகள் ஒலி வரும் தூணடியில் வந்து மொய்த்தன. அவரது உயிருள்ள குரலை ஒருநாளும் கேட்டிராத குட்டிகள் அவை. அதை நான் நின்று பார்த்தேன். புறப்பட மனம் வராமல் இன்னொரு முறையும் பார்த்தேன்.

"வீட்டில் இருக்கும்போது பேட்டரியைத் தொட வேண்டாம்," என்று நான்தான் சொன்னேன். "சார்ஜரைச் சுவரில் மாட்டி, கரண்டிலேயே ஓட விடுங்க. பேட்டரி காட்டுக்கு மட்டும்."

கணவருக்கு உடனே விளங்கிவிட்டது. "மழ பெய்யும்போது ஓட்டுத் தண்ணியப் பொழங்கணும், கெணத்தத் தொடக் கூடாது. அதுதான சார்? பேட்டரி நம்ம கெணறு."

இவ்வளவு அழகாக என்னால் சொல்லியிருக்க முடியாது. அந்த அழகில் மயங்கித்தான் இருவரும் பிழை செய்தோம். இந்த மண்ணில் குழாயில் நீர் வரும் நாளில் குடம், அண்டா, சட்டி, செம்பு எல்லாம் விளிம்புவரை நிறைய வேண்டும். பாதிக் குடம் வைத்திருப்பவரை யாரும் மெச்சமாட்டார்கள். அதே வழக்கத்தில் அவர்கள் பெட்டியையும் நிறைத்தார்கள். காட்டிலிருந்து வந்ததும் மாட்டுவார்கள். காலையில் புறப்படும் நொடியில்தான் கழற்றுவார்கள். மேய்ச்சலுக்குப் போகாத நாளில் முழுநாளும் சுவரிலேயே கிடக்கும். எப்போதும் நிறைந்திருந்தால் எப்போதும் பத்திரம். நானும் தலையசைத்தேன். கொட்டகைக்குக் கூரை தகரம், சித்திரை பிறந்திருந்தது. நிறைந்த பேட்டரிக்கு வெப்பம் ஆகாது என்று எங்கோ படித்திருந்தும், அந்தத் தகரத்தின் அடியில் நின்று நான் அதை எண்ணவில்லை.

ஒரு காலையில் கணவர் காட்டில் என்னைக் கண்டதும் உரக்கச் சொன்னார்: "சார், பொட்டி சினையாயிட்டு!"

அவருக்கு அது வேடிக்கை. அம்மாள் துண்டில் சுற்றிப் பெட்டியை நீட்டினார். பின்மூடி புடைத்து, ஓரத்தில் விரல்நகம் நுழையும் அளவு பிளந்திருந்தது.

"அண்ணாச்சி, இத அழுத்தக் கூடாது, மாட்டக் கூடாது, வெயில்ல வைக்கக் கூடாது. தீப்பிடிச்சாலும் பிடிக்கும்," என்றேன்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. மந்தையை விட்டு வர அவரால் இயலாது. ஆகவே அம்மாளும் நானும் பேருந்தில் கோவில்பட்டிக்குப் போனோம். பெட்டியை ஒரு சட்டிக்குள் மணல் பரப்பி வைத்து, அதை மடியில் ஏந்திக்கொண்டு அவர் வந்தார்.

பழுது பார்ப்பவர் நடுவயதுக்காரர். கடையின் அகலம் ஒரு கட்டில் அளவு. பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு அண்ணாச்சி இத இப்படி ஏத்தி ஏத்தி விட்டது? கல்யாண வீட்டுப் பந்தியில கூட எல போதும்னு ஒரு கட்டத்துல மூடிருவாவள்ளா?"

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. அவர் முன்னே குனிந்து, புடைத்த பேட்டரியைச் சுட்டிக் காற்றால் கேட்டார். கடைக்காரருக்குப் புரியவில்லை. நான் எடுத்துச் சொன்னேன்: "அவங்க சத்தம் அதுக்குள்ளதான் இருக்கான்னு கேக்குறாங்க."

"இல்லக்கா, இல்ல. இது வெறும் தீனி. சத்தம் இங்கன இருக்கு." திருப்புளி முனையால் ஒரு கறுப்புச் சில்லைக் காட்டினார். உளுந்தம்பருப்பைவிடச் சற்றே பெரியது. அதற்குள்தான் ஒரு காடு முழுவதையும் திருப்பும் அழைப்பு இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அம்மாள் அதையே இமைக்காமல் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு சொல்லிருதேன்," என்றார் கடைக்காரர். "சில பொட்டி பேட்டரி இல்லாம உசிரே காட்டாது. நேரா கரண்டக் குடுத்தாலும் முழிக்காது. இது எந்தச் சாதின்னு மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி, பேட்டரியை நெகிழ்த்தி எடுத்து, கடைக்கு வெளியே மணல் வாளியில் வைத்துவிட்டு வந்தார். நடுவில் வெற்றுக் குழியோடு பெட்டி மேசைமேல் கிடந்தது. சார்ஜரைச் சுவரில் மாட்டி, மறுமுனையைப் பெட்டியில் செருகினார். ஒன்றும் இல்லை. கழற்றி மீண்டும் செருகினார். ஒன்றும் இல்லை. அம்மாள் என் முழங்கையைப் பிடித்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். கடைக்காரர் பொத்தானை நீள அழுத்தியபடியே எண்ணத் தொடங்கினார். ஏழில் சிறு திரை ஒளிர்ந்தது.

அவர் பதிவைத் தட்டினார். கடைத்தெருவில் அழைப்பு எழுந்தது. எதிரே பழக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். தெருவில் நின்ற ஒரு வெள்ளாடும் திரும்பியதாகப் பின்னர் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. "பல்லக் காட்டிக்கிட்டு நிக்காதீங்க" என்று பெட்டி ஏசியபோது கடைக்காரர் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார். அம்மாள் ஓசையின்றிச் சிரித்தார். பிறகு எழுந்து, சார்ஜர் மாட்டியிருந்த இடத்துக்கு அருகே சுவரில் உள்ளங்கையை வைத்தார். உடம்பு சுடுகிறதா என்று பார்ப்பதுபோல.

கரண்டு எங்கேயிருந்து வருகிறது என்று அவர் காற்றால் கேட்டதை நான் எடுத்துச் சொன்னேன்.

"கயத்தாத்துப் பக்கம் காத்தாடி நிக்குல்லாக்கா, அதுலயிருந்தும் வரும். தூத்துக்குடியில கரி எரிக்காவ, அதுலயிருந்தும் வரும். எல்லாம் கலந்துதான்," என்றார் கடைக்காரர்.

அம்மாள் தம் உள்ளங்கையில் மெல்ல ஊதிப் பார்த்துக்கொண்டார். பெட்டியில் இப்போது சேமிப்பு என்று ஒரு துளியும் இல்லை. எங்கோ சுழல்வதும் எரிவதும் அந்தந்த நொடியே கம்பிவழி ஓடிவந்து அவர் குரலாகிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை ஐம்பது ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அன்றுதான் அதை வியந்தேன்.

அந்த அளவுப் பேட்டரி மதுரையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். அதுவரை சுவர் இருக்கும் இடத்தில்தான் குரல். காட்டில் இருப்பது ஒரே சுவர். என் மோட்டார் அறைச் சுவர்.

நாங்கள் பேருந்திலிருந்து இறங்கிக் காட்டுக்கு நடந்தபோது மாலை ஆகியிருந்தது. மந்தை ஏற்கெனவே வடிகாலை நெருங்கிவிட்டது. கணவர் சாலையோரமாக அங்குமிங்கும் ஓடி மறித்துக்கொண்டிருந்தார். "வாங்க சார், வாங்க! ஏலே, இங்கன திரும்பு! என் பேச்ச எவன் கேக்கான்!" என்ற அவரது கத்தல் காற்றில் வந்தது. மோட்டார் அறையில் மின்சாரம் எந்நேரம் இருக்கும், எந்நேரம் நிற்கும் என்பது எங்கள் கையில் இல்லை. சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரிந்தது. அம்மாள் பெட்டியை மாட்டிச் சன்னல் கம்பிகளுக்கு இடையே வைத்து, ஏழு எண்ணும் அளவு பொத்தானை அழுத்தினார்.

அறைக்குள்ளிருந்து வந்ததால் ஒலி சற்று மாறியிருந்தது; செங்கல் சுவர் அதற்கு ஓர் ஆழம் கொடுத்தது. ஆடுகள் நிமிர்ந்தன. நின்றன. கைப்பேசிக்குச் செய்ததுபோல மீண்டும் குனிந்துவிடுமோ என்று பயந்தேன். பதிவு முடிந்தது. அம்மாள் மறுபடி தட்டினார். முதலில் கிழட்டு ஆடு திரும்பியது. அப்புறம் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல இயலாது. மந்தை வெள்ளமாக வந்து அறையைச் சூழ்ந்தது. சுவரோடு உடல்கள் உரசின. சன்னலடியில் முகங்கள் மேலெழுந்தன. ஒரு வளர்ந்த குட்டி முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றிப் பெட்டியை முகர்ந்தது. சாலையில் ஓர் ஆடும் இல்லை. மூச்சு வாங்க வந்து சேர்ந்த கணவர் கதவருகே நின்று, "ஏட்டி, வெளிய வா, ஒன் சனமெல்லாம் வந்துட்டு," என்றார்.

அம்மாள் வெளியே வந்தார். பெட்டி உள்ளே இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆடுகள் சிறிது விலகி அவருக்கு வழி விட்டன. சில அவர் பின்னே நடந்தன. சில சன்னலையே பார்த்து நின்றன.

ஒரு வாரத்தில் பேட்டரி வந்தது. குழிக்குச் சற்றுச் சிறியது, ஒட்டுநாடா சுற்றிப் பொருத்தினார்கள். இப்போது வீட்டில் பகலில் சுவர் மின்சாரத்தில் ஒலிக்க வேண்டியபோது பேட்டரியைக் கழற்றித் தனியே நிழலில் வைக்கிறார்கள். கடைக்காரர் அதற்கென ஒரு சிறு இணைப்பு வைத்துக் கொடுத்திருக்கிறார். காட்டுக்குக் கொண்டுபோகும்போது முக்கால் அளவே ஏற்றுகிறார்கள். முக்கால் என்பதைக் கணவரால் இன்னும் பொறுக்க முடியவில்லை. "கொறக் கொடம் மாதிரி இருக்கு சார், பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு," என்று நாள்தோறும் சொல்கிறார். மந்தையை விற்கும் பேச்சை மட்டும் அவர் பிறகு எடுக்கவில்லை.

தெரியாதவை சில உள்ளன. கைப்பேசியிலிருந்து அதே அழைப்பு வந்தபோது ஆடுகள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்த மாலை அவை வந்தது அம்மாளிடமா, பெட்டியிடமா என்றும் தெரியாது. அவரிடம் கேட்டேன், கையை விரித்தார். புதிய பேட்டரி எத்தனை கோடை தாங்கும் என்று கடைக்காரரால் சொல்ல இயலவில்லை. அந்தச் சில்லே ஒருநாள் நின்றுபோனால் மந்தை யாருடைய அழைப்புக்குத் திரும்பும் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.